பச்சைப் பொத்தான் வைத்த வலை

ஏரி வற்றியதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் படகுத்துறையில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் விடிந்ததும் நீர்மட்டத்தை அளந்து, துறையில் இருக்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவது என் வேலை. மீனவர் சங்கம் ஆறு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த வேலை அது. பலகையில் எண் இறங்க இறங்க, என்னைப் பார்க்கிற முகங்களும் இறங்கிக்கொண்டே வந்தன.

"இன்னிக்கு எவ்வளவு குடிச்சீங்க?" என்று ஐஸ் வண்டிக்காரர் கேட்பார்.

"உங்க ஐஸுக்கு ஒரு செம்பு மிச்சம் வெச்சிருக்கேன், பயப்படாதீங்க" என்பேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வாய் அதற்கும் கொஞ்சம் முன்னால் இருக்கும். இந்தக் கதையே அந்த வாயால் வந்த வினைதான்.

மூன்று வருஷமாக மழை கண்ணாமூச்சி ஆடியது. படகுத்துறையின் பதினெட்டுப் படிகளும் வெளியே வந்தன. அவற்றுக்குக் கீழே யாரும் பார்த்திராத ஒரு செங்கல் வரிசை வந்தது. பிறகு அதுவும் முடிந்து சேறு வந்தது. வேடிக்கை என்னவென்றால், முதல் வருஷம் மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏரி முழுக்கச் சிதறிக் கிடந்த மீனெல்லாம் நடுவில் இருக்கும் மடுவுக்கு, அதாவது ஏரியிலேயே ஆழமான குழிக்கு, ஒதுங்கிவிட்டதுதான் காரணம். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று ஆளாளுக்குப் புது வலை வாங்கினார்கள். நான் எண்ணை எழுதிவிட்டு அதைச் சாக்பீஸால் தட்டித் தட்டிக் காட்டுவேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் விரல் நீள மீன்கள் வந்தன. அதற்கப்புறம் வெதுவெதுத் தண்ணீரில் வளர்ந்த தளர்ந்த மீன்கள். ஐஸில் வைத்தாலும் மதியத்துக்குள் அவற்றுக்குக் கண் வெளுத்துவிடும். இந்த வருஷமோ, விடிகாலையில் மடுவின் மேல் பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள். மூச்சுக்காக மேலே வந்து திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் சங்கத்துக்கு உறைத்தது. மடுவில் இனி வலை கூடாது, தூண்டில் மட்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

தூண்டிலுக்குப் போகவும் படகு வேண்டும். படகை அரை மைல் சேற்றில் இழுத்துக்கொண்டு போக இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் இல்லாத படகுகள் துறையில் கவிழ்ந்து கிடந்தன. என் படகு அதில் ஒன்று. என் வீட்டுக்காரர் தையற்காரர். அவருக்கும் தண்ணீருக்கும் ஒத்துவராது, முழங்காலும் சரியில்லை. என் படகுக்குப் பக்கத்திலேயே என் அண்ணன் படகு. அவன் மகன் நகரத்து வேலைக்குப் போய்விட்டான். இரண்டு படகும் ஒட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தன. நானும் அண்ணனும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் அப்பா பெரிதாக ஒன்றும் விட்டுவிட்டுப் போகவில்லை. தன் மீன்பிடி இடத்தை எனக்கும், தன் மூன்று முள் இரும்புக் கொக்கியை அண்ணனுக்கும் கொடுத்தார். கொக்கியின் ஒரு முள் எப்போதோ உடைந்து, கொல்லர் அதைக் கோணலாக ஒட்டவைத்திருந்தார். இடம் என்றால் அதற்குப் பத்திரமோ வேலியோ கிடையாது. கரையில் இருக்கும் ஆலையின் புகைக்கூண்டு, பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் ஏணியை மறைக்க வேண்டும். மறுபக்கம், பம்பு வீட்டு மூலையும் குன்றின் பள்ளமும் ஒன்றாக வர வேண்டும். இரண்டும் கூடுகிற இடத்தில் படகை நிறுத்தி, வலையை அடித்தரையில் இறக்குவோம். இதை நேர் பிடிப்பது என்போம். மேலே மிதவை விடமாட்டோம். விட்டால் திருடனை நாமே கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போன மாதிரி. மறுநாள் அதே நேர் பிடித்து, கயிற்றில் கட்டிய கொக்கியை அடியில் இழுத்து வலையைத் தூக்குவோம். எங்கள் இடம் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மூடுபனிக் காலையில் அங்கே புது வலை ஒன்றை இறக்கினேன். மேல்கயிற்றில் பத்து முழத்துக்கு ஒரு பச்சைக் கோட்டுப் பொத்தான் தைத்த வலை. அது என் வீட்டுக்காரர் வைக்கிற அடையாளம். "என் பட்டன் டப்பாவுல பாதி மீனுக்குத்தான் போகுது" என்று அலுத்துக்கொண்டே தைப்பார். மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தது. நேர் பிடித்து என் கொக்கியை இழுத்தேன். மதியம்வரை இழுத்தும் ஒன்றும் மாட்டவில்லை.

கரைக்கு வந்தபோது அண்ணன் படியில் உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நேர் சரியாப் புடிச்சியா?"

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. முப்பத்தெட்டு வயதில், துறையே பார்த்துக்கொண்டிருக்க, என்னிடம் கேட்கிற கேள்வியா அது?

"அந்த எடம் தெரிஞ்ச இன்னொரு ஆளு நீதானே? எடுத்தவனே வந்து கேள்வி கேக்கறியா?" என்று ஆரம்பித்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. கடைசியில், "அப்பா இருந்திருந்தா உன்னைப் பெத்ததுக்கு வெக்கப்பட்டிருப்பார்" என்றேன்.

அவன் சுற்றின கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, சேதி நிற்கவில்லை. அண்ணன் சட்டையெல்லாம் என் வீட்டுக்காரர்தான் தைப்பார். "மச்சான் இடுப்பு ரெண்டு இஞ்சு கொறைஞ்சிருக்கு" என்று சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வேன். போன மாதம், "கண்ணாடிக்குன்னு சட்டையில தனியா ஒரு பாக்கெட் வெக்கச் சொல்றார். எட்டத்துல இருக்கறது தெரியலையாம்" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் நான் எண்ணை எழுதிவிட்டு நகர்ந்த பிறகு அண்ணன் பலகை முன்னால் வந்து நிற்பான். ஒரே ஒரு எண்ணைப் படிக்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்று என் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் அந்தக் காலையிலும் மூடுபனிதான். நீர்மட்டம் பார்க்கிற தூண் எப்போதோ வெறும் தரையில் நின்றுவிட்டது. அதனால் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, கோடு போட்ட குச்சிகளை நட்டுக்கொண்டே நானும் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். செருப்பைப் படியில் விட்டுவிட்டு ஏரிக்குள் இறங்கி நடந்தேன். பம்பு வீட்டைத் தாண்டும்போது அண்ணாந்து பார்த்தேன். பழைய நீர்மட்டத்தின் கறை, என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், சுவரில் கோடு போட்டிருந்தது.

அதற்கப்புறம் கரையும் இல்லை, வானமும் இல்லை, வெள்ளை மட்டும்தான். சேறு மேலே காய்ந்து உள்ளே சில்லென்று இருந்தது. ஏரிக்குள் நடப்பது எனக்கு என்றைக்குமே பழகவில்லை. கையை வீசினால் மெதுவாகத்தான் போகிற மாதிரி இருக்கும். தலைமுடி மேலே மிதக்கிறதோ என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வாயைத் திறந்து மூச்சு விடக்கூடப் பயமாக இருக்கும். கறை இருந்த உயரத்தில், பனிக்குள், நீளமாக ஏதோ நிழல் ஒன்று நகர்ந்து போனது. நாரையாக இருக்கலாம். எனக்கு அது ஒரு படகின் அடிப்பக்கமாகத் தெரிந்தது. மேலே ஒரு பெண் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறாள். கீழே நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. யாரையோ திட்டிக்கொண்டே போகிறாள். நின்று காது கொடுத்துக் கேட்டேன். அது என் குரல்தான்.

தலையை உதறிக்கொண்டு நடந்தேன். மடுவின் விளிம்புக்கு வந்து குச்சியை நட்டு எண்ணைப் பார்த்தேன். நேற்றைவிட நாலு விரல் குறைவு. தண்ணீர் முழுக்க அந்தச் சின்ன வாய்கள், சத்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. விளிம்பில், நேற்றுவரை கண்ணில் படாத ஒரு பட்ட மரத்தின் கட்டை தலையைத் தூக்கியிருந்தது. அதன்மேல் பச்சையாக ஏதோ மினுங்கியது. பாசி என்று நினைத்துத் தொட்டேன். நாலு துளை வைத்த கோட்டுப் பொத்தான்.

முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, பொத்தான் தைத்திருந்த கயிற்றைத் தடவினேன். பத்து முழம் தள்ளி இன்னொரு பொத்தான். நைலான் வலை, அழுகவே இல்லை. கட்டையில் சிக்கிக்கொண்டு, மீதி மடுவுக்குள் சரிந்து கிடந்தது. பதினோரு வருஷமாக யாருக்கும் தெரியாமல் அது மீன் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கண்ணிகளில் முள்ளும் செதிளும் அடைந்திருந்தன. ஒரு கண்ணியில் உயிரோடு ஒரு கெண்டை துடித்துக்கொண்டிருந்தது. அதை விடுவிக்கக் கையை விட்டபோது இரும்பு தட்டுப்பட்டது.

மூன்று முள் கொக்கி. ஒரு முள் கோணல்.

"அகப்பட்டியா!" என்று கத்தியேவிட்டேன். அப்பாவின் கொக்கி, அண்ணனின் கொக்கி, என் வலையில்! திருட வந்திருக்கிறான். கட்டையில் மாட்டியிருக்கிறது. கயிற்றை அறுத்துவிட்டு ஓடியிருக்கிறான். கயிற்றின் நுனி கத்தியால் அறுத்த மாதிரி ஒரே சீராக இருந்ததே! பதினோரு வருஷம் ஊரெல்லாம் என்னைத்தானே வாயாடி என்றார்கள், இப்போது வரட்டும், வந்து பார்க்கட்டும். அந்த வெள்ளைக்கு நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மீன்களுக்கு முன்னால், அண்ணனை ஒரு பிடி பிடித்தேன். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

திட்டிக்கொண்டே கரைப் பக்கம் திரும்பினேன். பனி மேலிருந்து கலைய ஆரம்பித்திருந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதன் ஏணியை அச்சாக மறைத்துக்கொண்டு புகைக்கூண்டு நின்றது. "பாரு, நேர் எவ்வளவு சரியா இருக்கு!" என்று கையை நீட்டினேன்.

நீட்டின கை அப்படியே நின்றது. பனி இன்னும் கொஞ்சம் இறங்கியதும், நாலு விரல் தள்ளி, இன்னொரு புகைக்கூண்டு எழும்பியது. குட்டையானது, கறுத்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த புகைக்கூண்டு அதுதான். ஏணியை மறைத்துக்கொண்டு நின்றது ஆலைக்காரர்கள் நான் வலை இறக்கிய வருஷத்து மழைக்காலத்தில் புதிதாகக் கட்டிய உயரமான இரண்டாவது புகைக்கூண்டு. அன்றைக்கும் பனி இப்படித்தான் மேலிருந்து கலைந்திருக்கும். உயரமானது மட்டும் தெரிந்திருக்கும். கட்டுகிறார்கள் என்று தெரிந்தும், ஒரே ஒரு புகைக்கூண்டைப் பார்த்ததும் அது பழையதுதான் என்று மனசு எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டுக்கும் இடைவெளி கரையில் ஐம்பது அடி. நடு ஏரிக்கு வந்தால் அது எத்தனையோ படகு தூரம். வலை நான் போட்ட இடத்திலேயேதான் கிடந்தது. போட்ட இடம்தான் தப்பு.

அப்படியானால் இந்தக் கொக்கி?

சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். திருட வந்தவன் எங்கள் சரியான இடத்துக்குத்தானே போயிருப்பான். இந்தத் தப்பான இடத்துக்கு வந்தவன், நான் எங்கே தப்பியிருப்பேன் என்று யோசித்து யோசித்து வந்தவன். நேர் சரியாப் புடிச்சியா என்று அவன் கேட்டது கிண்டலுக்கு இல்லை. உண்மையாகவே அதைத்தான் கேட்டிருக்கிறான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் பார்க்காத ஏரிக்கு அடியில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

அழுது முடிந்ததும், உள்ளதைச் சொல்கிறேன், ஒரு கெட்ட எண்ணம் வந்தது. இன்னும் இரண்டு நாளில் வலை எல்லார் கண்ணிலும் படும். தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்து இங்கே மாட்டியது என்று சொல்லிவிடலாம். கொக்கியை மட்டும் காலால் ஒரு மிதி மிதித்தால் சேறு விழுங்கிவிடும். என் தப்பு எனக்கு மட்டும் தெரிந்ததாகவே இருந்துவிடும். காலைத் தூக்கியும்விட்டேன். அப்போது கோணல் முள்ளில் அப்பா தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கின இடத்தில் வெயில் பட்டது. குனிந்து கொக்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். கெண்டையையும் விடுவித்து மடுவில் விட்டேன்.

துறையில் தூண்டில்காரர்கள் படகுகளை இழுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பலகையில் எண்ணை எழுதினேன். அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி எழுதினேன். நான் நகரவில்லை. கொக்கியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

அண்ணன் வந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு அடி தயங்கினான். பிறகு பலகையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"கண்ணாடி கொண்டு வரல. என்ன எழுதியிருக்கு?" என்று பொதுவாகக் கேட்டான்.

"நான் படிக்கறேன்" என்று ஐஸ் வண்டிக்காரர் முன்னால் வந்தார்.

"எழுதினவங்களே படிக்கட்டும்."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் எட்டு ஊருக்குக் கேட்கக் கத்தியவள் நான். இரண்டு தரம் செருமிவிட்டுப் படித்தேன்.

"என் வலை கெடச்சிடுச்சு. நேர் தப்பாப் புடிச்சது நான். எங்கண்ணன் எடுக்கல." அதோடு நிறுத்த முடியவில்லை. "அப்பாவை இழுத்து அன்னிக்குச் சொன்னதைப் பலகையில எழுத எனக்குக் கை வரல. அதைச் சொன்ன வாயை என்ன பண்றதுன்னு தெரியல. மன்னிச்சுடு அண்ணா."

கொக்கியை நீட்டினேன். அவன் அதை வாங்கி, கோணல் முள்ளைக் கட்டைவிரலால் தடவினான்.

"நீ திட்டின மறுநாளே போனேன்" என்றான். "மூணு நாள் இழுத்தேன். மாட்டிச்சு, ஆனா வரல. கயித்த அறுத்துவிட்டுட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உன் வலையில என் கொக்கி மாட்டிக் கெடக்குன்னா? கேட்டுட்டு நீ என்ன சொல்லியிருப்ப?"

"திருட வந்தவன்னு சொல்லியிருப்பேன்." எனக்கு மூக்கு ஒழுகியது. "இன்னிக்குக் காலையிலகூட அதைத்தான் சொன்னேன். கால் மணி நேரம்."

அண்ணன் முகத்தில் ஏதோ அசைந்தது. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சிரிப்பு வந்தது. "மீனுங்க பாவம்" என்றான்.

அந்த வலை இன்னும் மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. மிச்சமிருக்கும் நாலு மீனையும் அது தின்றுவிடுவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். அண்ணன் தன் படகைப் புரட்டினான். "முன்னால புடி, குட்டி" என்றான். நாற்பத்தொன்பது வயதில் என்னைக் குட்டி என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. நான் முன்னால் பிடித்தேன். என் வீட்டுக்காரர் கழுத்தில் டேப்போடு படிக்கு ஓடி வந்து, "மச்சான், மெதுவா! இடுப்பைப் பாத்துக்கோங்க" என்று கத்தினார்.

அரை மைல் சேறு. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியதே பெரும் பேச்சாக இருந்தது. பனியின் கடைசித் துணுக்குகள் முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தன. தலைக்கு மேலே, தண்ணீர் இருந்த உயரத்தில், இப்போது யாருடைய குரலும் இல்லை. படகு மடுவில் இறங்கியதும் நான் துடுப்புப் போட்டேன். அவன் கொக்கியில் புதுக் கயிறு கட்டினான். வலை கட்டையில் தொங்கிக்கொண்டு கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. பச்சைப் பொத்தான்கள் வெயிலில் வரிசையாக மினுங்கின.

"நேர் சரியாப் புடிச்சியா?" என்று அண்ணன் கேட்டான்.

துடுப்பை நிறுத்தினேன். கரையில் இரண்டு புகைக்கூண்டும் பளிச்சென்று தெரிந்தன.

"எனக்குத் தெரியாது அண்ணா. நீயே பாத்துச் சொல்லு."

அண்ணன் சட்டையில் தனியாகத் தைத்த அந்தப் பாக்கெட்டில் கையை விட்டான். கண்ணாடியை எடுத்து, நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, கரையைப் பார்த்தான்.